மெரியானாவை அழைத்துவந்த நாள்

ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. டங்கன் எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் ஒரு கோப்பைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினான். கோதுமை பிஸ்கட் இரண்டைக் கிண்ணத்தில் போட்டு, பால் ஊற்றி, நின்றபடியே தின்றான். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். முந்தின நாள் தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். ஏழு மாதமாக இதே வரிசைதான். வரிசை மாறாமல் இருந்தால் எட்டு மணி வரை எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

இன்று ஒரு வேலை கூடுதல். அலமாரியின் மேல்தட்டிலிருந்து மெரியானாவின் படத்தை எடுத்தான். கண்ணாடி உடையக் கூடாது என்று அடுப்படியில் மடித்து வைத்திருந்த துணி ஒன்றால் அதைச் சுற்றினான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து சபையின் வேனுக்காகக் காத்திருந்தான். பிப்ரவரி ஐந்து. மறுநாள் வைடாங்கி நாள், பூர்வகுடிகளும் வெள்ளைக்காரர்களும் அந்த ஊரில் உடன்படிக்கை எழுதின நாள்.

படத்தைக் கொண்டுவரச் சொன்னது மெரியானாவின் தாய்மாமன் எரூ. இரண்டு நாள் முன்பு போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, இந்த வருஷம் வாசல்ல நின்னு விருந்தாளிங்கள கூப்பிடறது ஹூஹானா. உன் மாமியார். கேட்டுக்கோ. படத்தோட வா."

"அவங்க என்னோட பேசறதில்லையே மாமா."

"உன்ன யாரு பேசச் சொன்னா? படத்தோட வான்னேன்."

ஹூஹானா அவனோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் இருந்தது. ஜூலை மாதம் மெரியானாவுக்குத் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. சாயந்தரம் தலைவலி என்றாள். ராத்திரி ஆஸ்பத்திரி. விடிவதற்குள் போய்விட்டாள். முப்பத்தோரு வயது. டங்கன் மாமியாருக்கு போன் செய்தது எல்லாம் முடிந்து, காலை ஐந்து மணிக்கு. ஊரில் அவள் சனங்கள் மராய் என்கிற ஊர்ப்பொதுவீட்டைத் திறந்து, மெத்தை விரித்து, மூன்று நாள் அவளோடு இருந்து அழுவதற்கு ஆயத்தமானார்கள். செத்தவளைத் தனியாக விடுவது அவர்களிடம் கிடையாது. டங்கன் எதற்கும் ஆம், சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆனால் கடைசியில் நடந்தது சபையின் பாஸ்டர் நைஜல் சொன்னபடி. இரண்டாம் நாளே சபையில் ஒரு மணி நேர ஆராதனை, மூடின பெட்டி, நகரத்துக் கல்லறை. ஊர்க்காரர்கள் கார் பிடித்து வந்து சேர்ந்தபோது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அச்சடித்த ஆராதனைச் சீட்டில், படத்துக்குக் கீழே, அவளுடைய கடைசி வார்த்தைகள் என்று போட்டிருந்தது: "ஆண்டவரே, இதோ வருகிறேன்." ஹூஹானா சபைப் படியில் நின்று அதைப் படித்தாள். அவன் முகத்துக்கு நேராகச் சீட்டைப் பிடித்தாள்.

"இத அவ சொன்னாளா?"

அவன் குனிந்து படியைப் பார்த்தான். அவள் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். அதோடு சரி.

வேன் வந்தது. உள்ளே எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓட்டிய நைஜல் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. ராத்திரி தூங்கவே இல்லையாம்.

"ஏழு நிமிஷம் குடுத்திருக்காங்க டங்கன். நூத்தெழுபது வருஷத்த ஏழு நிமிஷத்துல சொல்லணும்."

"உங்க பிரசங்கத்துல முன்னுரைக்கே இருபது நிமிஷம் ஆகுமே பாஸ்டர்," என்றாள் ப்ரோன்வின்.

வேன் முழுக்கச் சிரிப்பு. நைஜலும் சிரித்தார்.

அந்த ஏழு நிமிடம் ஒரு மன்னிப்புக்காக. இந்தச் சபையின் முதல் போதகர், பள்ளிக்கூடம் கட்டுவதாகச் சொல்லி, மெரியானாவின் முன்னோர்களிடம் ஆற்றோர நிலத்தை வாங்கினார். பள்ளிக்கூடம் எழும்பவில்லை. நிலம் கைமாறிக் கைமாறி இன்று அதில் யாரோ ஒருவருடைய பசுக்கள் மேய்கின்றன. சபையின் பழைய பெட்டியில் அந்தப் பத்திரத்தைக் கண்டெடுத்தவள் மெரியானா. எல்லா ஊரும் கூடுகிற வைடாங்கியில் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நைஜலை ஒரு வருடம் நச்சரித்தவளும் அவள்தான். வாசலில் வீட்டுக்காரி கூப்பிடும்போது விருந்தாளிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதில் குரல் கொடுக்க வேண்டும். அவளே கொடுப்பதாக இருந்தது. தனக்குத் துணையாக ப்ரோன்வின்னுக்கும் தன் மொழியில் ஐந்து வரி சொல்லிக்கொடுத்தாள், புதன்கிழமைதோறும், சபையின் கார் நிறுத்துமிடத்தில். ப்ரோன்வின் ஓய்வு பெற்ற விளையாட்டு டீச்சர். விசில் இல்லாமல் நூறு பிள்ளைகளை நிறுத்தின தொண்டை. இப்போது ஐந்து வரியும் அவள் தலையில்.

"வயித்துக்குள்ள பட்டாம்பூச்சி இல்ல, ஆட்டு மந்தையே ஓடுது," என்றாள். முணுமுணுத்து ஒத்திகை பார்த்தாள். மூன்றாவது வரியில் தடுக்கினாள். மறுபடி முதலிலிருந்து.

நைஜல் கண்ணாடியில் பார்த்தார். "மடியில என்ன டங்கன்?"

"மெரியானா."

நைஜல் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"கொண்டு வந்தது நல்லது," என்றார் நைஜல் மெதுவாக. "ஆனா மேல திடலுக்குக் கொண்டு போகணுமா? இது நாட்டோட நாள். நம்ம துக்கத்த நடுவுல வச்சா, வந்த காரியம் மறைஞ்சு போயிடுமோன்னு பாக்கறேன்."

"எரூ மாமா கொண்டு வரச் சொன்னாரு."

"சரி. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

ஏழு மணிக்கெல்லாம் வைடாங்கி நிரம்பி வழிந்தது. பாலத்தில் கொடிகள். கடற்கரையில் போர்ப்படகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. எண்பது பேர் துடுப்பைத் தூக்கித் தரையில் ஒரே அடியாக அடித்தபோது டங்கனின் உள்ளங்காலில் அதிர்ந்தது. பொரித்த ரொட்டி வாசனை. எங்கோ கிடார். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டு, கட்டிப்பிடித்து அழுதார்கள், அடுத்த நொடி சிரித்தார்கள். நைஜல் ஓட்டமும் நடையுமாக இடம் பிடித்தார். பத்து நிமிடத்தில் கூடாரம் எழும்பியது. மேலே பேனர்: அன்புடன், இலவசமாக. கீழே காஸ் அடுப்பு இரண்டு. எண்ணூறு சாசேஜ். ப்ரோன்வின் இடுக்கியைக் கையில் எடுத்தாள். வரிசை தானாகவே சேர்ந்தது.

நாற்பது பேர் தின்றிருப்பார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு கோல்ஃப் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் எரூ. கறுப்புக் கோட்டு, டை, அதற்கு மேல் ஒளிர்கிற மஞ்சள் சட்டை, கையில் வாக்கிடாக்கி. எழுபது வயது. வைடாங்கியில் யார் எப்போது உள்ளே போவது என்பதை இந்த வாரம் முழுக்க அவர்தான் தீர்மானிக்கிறார்.

"யாரோட கடை இது?"

"கடை இல்லைங்க, இலவசம்," என்றார் நைஜல் பெருமையாக. "ஊருக்கே."

"ஊருக்கேவா. ஊர்க்காரன் யாரு, நானா நீங்களா?"

நைஜல் வாயைத் திறப்பதற்குள் எரூ அடுத்ததைக் கேட்டார்.

"உங்கள உள்ள கூப்பிட்டாச்சா?"

"பத்து மணிக்குன்னு சொல்லியிருக்காங்க."

"இப்ப மணி எட்டு. வாசப்படியே மிதிக்கல, அதுக்குள்ள வீட்டுக்காரனுக்குப் பந்தி போடுறீங்க." எரூ குரலை உயர்த்தவே இல்லை. "போன தடவையும் இப்படித்தான் வந்தீங்க பாஸ்டர். யாரும் கூப்பிடறதுக்கு முன்னாடியே குடுக்க ஆரம்பிச்சீங்க. அப்ப போர்வையும் கோடாலியும். இப்ப சாசேஜ்."

வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டே தன் தட்டைத் திருப்பி வைத்தாள்.

நைஜலுக்குக் காதுவரை சிவந்தது. அடுப்பைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். குனிந்து காஸை மூடினார். "நாம மன்னிப்பு கேக்க வந்ததே இதுக்குத்தானே," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"மூடி வைங்க, கொட்டிடாதீங்க," என்றார் எரூ. "கூப்பிட்டு, பேசி, எங்க கையால ஒரு வாய் சாப்பிட்ட அப்புறம் நீங்களும் வீட்டுக்காரங்கதான். அப்ப அடுப்ப பத்த வைங்க. எனக்கு ரெண்டு. வெங்காயம் கூட." பிறகு டங்கன் பக்கம் திரும்பினார். "மாப்ள. எங்க அவ?"

டங்கன் பொதியைக் காட்டினான். எரூ அதை வாங்கவில்லை. துணியையே பார்த்தார்.

"தட்டு துடைக்கிற துணியிலயா சுத்திட்டு வந்த?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுப்படித் துணியைச் சட்டை துணிமணியோடு சேர்த்துத் துவைக்கவே விடமாட்டாள் மெரியானா. அதற்கென்று தனி வாளி. சாப்பாட்டோடு சேர்ந்தது தலையில் படக் கூடாது, இறந்தவர் மேல் அறவே கூடாது. நான்கு வருடம் அந்த வாளியைத் தாண்டி நடந்தவன்.

"அவ இருந்திருந்தா உன் தோல உரிச்சிருப்பா," என்றார் எரூ. மஞ்சள் சட்டையைக் கழற்றினார், கோட்டைக் கழற்றினார், துணியை உருவி எறிந்துவிட்டுப் படத்தைக் கோட்டுக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்தார். "இப்ப நான் சொல்றத கேளுங்க. பாஸ்டர், நீங்களும். ஹூஹானா வந்துட்டா. காலையிலேர்ந்து ஒரு வார்த்த பேசல, ஒரு வாய் டீ குடிக்கல. படம் இல்லாம வந்தீங்கன்னா, மத்த சபைங்களோட சேத்து உங்களையும் அவளுக்குப் பதிலா வேற ஒருத்தி கூப்பிட்டுடுவா. ஏழு நிமிஷம் கெடைக்கும். படத்தோட வந்தா அவதான் கூப்பிடணும். பெத்தவ இருக்கும்போது வேற எவளும் வாயத் தொறக்க மாட்டா."

"அவங்க கூப்பிடலன்னா?" என்றார் நைஜல்.

"நிப்பீங்க. அப்புறம் வீட்டுக்குப் போவீங்க."

எல்லோரும் டங்கனைப் பார்த்தார்கள். அவனுக்கு ஏழு மாதத்தில் முதல் தடவையாக இதயம் அடிப்பது காதில் கேட்டது.

"நீங்க மத்தவங்களோட போங்க," என்றான். "நான் படத்தோட தனியா நிக்கிறேன்."

"தனியா நின்னா பதில் குரல் யாரு குடுக்கறது, நீயா?" என்றாள் ப்ரோன்வின். "அவ சொல்லிக்குடுத்தது எனக்கு. நான் அவகூடத்தான் போவேன்."

நைஜல் பையிலிருந்த மன்னிப்புக் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மழை வந்தாலும் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டது. பிறகு மூடி வைத்த சாசேஜ் தட்டுகளைப் பார்த்தார்.

"இன்னிக்கு ஒரு தடவ கூப்பிடாமலே நுழைஞ்சாச்சு," என்றார். "இந்தத் தடவ கூப்பிடற வரைக்கும் நிக்கலாம்."

பத்தரை மணிக்கு மேட்டுத் திடலின் வாசலில் நின்றார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். படம் ப்ரோன்வின் கையில், எரூவின் கோட்டு இல்லாமல், கண்ணாடியில் வானம் தெரிய. அவர்களுக்கு முன் நான்கு கூட்டம் போயிற்று. ஒவ்வொரு தடவையும் உள்ளே இளைஞர்கள் தொடையில் அறைந்து, நாக்கை நீட்டி, தரை அதிர ஆடினார்கள். புழுதி எழும்பியது. கூட்டம் ஆரவாரித்தது. பக்கத்தில் நின்ற சபைப் பெண் ஒருத்தி டங்கனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்திருப்பது அவளுக்கே தெரியாமல்.

பிறகு அவர்கள் முறை. ஆட்டம் இல்லை. ஆரவாரம் அடங்கியது. எதிரே நூறு அடி தூரத்தில் சிற்பங்கள் நிறைந்த பெரிய வீடு. அதன் முகப்பில் கறுப்பு உடுத்தி, தலையில் இலைமாலை சூடி, ஹூஹானா வந்து நின்றாள்.

நின்றாள். கூப்பிடவில்லை.

டங்கனுக்கு வேலை ஆறுகளை அளப்பது. நீரோட்டத்தில் கருவியை இறக்கி நொடிகளை எண்ணுவது. பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தான். இருபது. நாற்பது. யாரோ இருமினார்கள். எழுபது. ப்ரோன்வின் படத்தை இறுக்கிப் பிடித்தாள். நூறு. வேலியோரம் நின்ற கூட்டத்தில் சலசலப்பு. ஏதோ நடக்கிறது என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. கைபேசியை உயர்த்தியிருந்தவர்கள் இறக்கினார்கள். நூற்றிருபத்தாறு.

அப்போது குரல் எழுந்தது. கூர்மையாக, உயரத்திலிருந்து, இழுத்து. தொலைவிலிருந்து வந்தவர்களே வாருங்கள், உங்கள் இறந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டங்கனுக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது. அவர்கள் நகர்ந்தார்கள். ப்ரோன்வின் பதில் கொடுத்தாள். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவதில் தடுக்கவில்லை. நான்கு, ஐந்து. வேன் முழுக்கக் கேட்ட அதே வரிகள், ஆனால் இப்போது மலையைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது. பாதி தூரம் வந்துவிட்டார்கள்.

ஹூஹானா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை பெயர் சொல்லி.

"மெரியானா. என் மகளே. இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?"

இறந்தவளைக் கேட்ட கேள்விக்கும் விருந்தாளிப் பக்கம் பதில் குரல் வர வேண்டும். ப்ரோன்வின்னிடம் இருந்தது ஐந்து வரி. ஐந்தும் தீர்ந்துவிட்டது. அவள் நின்றாள். பின்னால் எல்லோரும் நின்றார்கள். திறந்த புல்வெளியின் நடுவில், ஆயிரம் பேர் பார்க்க.

ப்ரோன்வின் படத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். பாதி உடைந்த மொழியில், மைதானத்துக் குரலில், தானாகவே ஒரு வரி கட்டினாள்.

"இதோ உங்கள் பிள்ளை. நாங்கள்தான் வைத்துக்கொண்டோம். இதோ."

இலக்கணம் தப்பாக இருந்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. முகப்பில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் அழ ஆரம்பித்தார்கள். ஹூஹானா இரண்டு கைகளையும் நீட்டினாள். ப்ரோன்வின் கிட்டத்தட்ட ஓடினாள். படம் கை மாறியது. வீட்டு முகப்பில், நெய்த பாயின் மேல், மற்ற முன்னோர்களின் படங்களோடு மெரியானாவை வைத்தார்கள். டங்கன் பக்கம் ஹூஹானா திரும்பவே இல்லை.

அடுத்தது பேச்சு. வீட்டுக்காரர்கள் முதலில். மூன்றாவதாக எழுந்தவர் எரூ, கோட்டைத் திரும்பப் போட்டிருந்தார். இறந்தவர்களை வழியனுப்பினார், மெரியானாவைப் பெயர் சொல்லி வரவேற்றார். பிறகு கைத்தடியை ஆட்டியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பாஸ்டர், உங்க கடிதாசிய படிச்சேன். நல்லா இருந்துச்சு. உங்க ஆளுங்க எங்களுக்கு பைபிள் குடுத்தாங்க. நாங்க படிச்சோம். குடுத்தவங்களும் படிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்."

எங்கும் சிரிப்பு. நைஜலும் தலையைக் குனிந்தபடி சிரித்தார்.

"நூத்தெழுபது வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் பண்ணினதுக்கு மன்னிப்பு கேக்க வந்திருக்கீங்க. கேளுங்க, வாங்கிக்கறோம். ஆனா அது சுலபம். செத்தவன் எந்திரிச்சு வந்து மறுக்க மாட்டான். உசுரோட இருக்கவன் பண்ணினதுக்கு யாராவது எந்திரிப்பாங்களான்னு பாக்கறேன்."

உட்கார்ந்துவிட்டார்.

நைஜல் எழுந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட காகிதத்தைப் படித்தார். போதகரின் பெயர், ஆற்றின் பெயர், சொன்ன பள்ளிக்கூடம், கட்டாத பள்ளிக்கூடம். "எங்க சபை செஞ்சது தப்பு. சாக்கு சொல்ல வரல." வீட்டுக்காரர்கள் வரிசையிலிருந்து ஆமோதிக்கிற முனகல் அலை மாதிரி வந்தது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். பேச்சு முடிந்ததும் பாட்டு வேண்டும். பாட்டு இல்லாமல் விட்ட பேச்சு அங்கே பேச்சாகவே நிற்காது. ஒன்பது பேரும் எழுந்து, மெரியானா சொல்லிக்கொடுத்த ஒரே பாட்டை, சுருதி கொஞ்சம் பிசகினாலும், தொண்டை கிழியப் பாடினார்கள். கைதட்டல். திட்டமிட்டது அவ்வளவுதான். சபை முழுக்க முகம் மலர்ந்து உட்கார்ந்தது.

டங்கன் உட்காரவில்லை.

பாடினவன் அப்படியே நின்றான். நைஜல் அவன் கையை இழுத்தார். அவன் கையை விடுவித்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனான். புல் மேல் வெயில். எதிரே அத்தனை கண்கள். எரூ தடியை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பேரு டங்கன்," என்றான். "மெரியானாவோட புருஷன்."

குரல் போதவில்லை. மறுபடி சொன்னான்.

"அவ வீட்டுக்கு வந்திருக்கணும். நான் கூட்டிட்டு வரல. நீங்க மெத்த விரிச்சு வச்சிருந்தீங்க. எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தல." மூச்சு வாங்கினான். "அந்தச் சீட்டுல எழுதியிருந்தது அவ சொன்னதில்ல."

பின்னால் பெஞ்சிலிருந்து நைஜலின் குரல் வந்தது. "அது நான் எழுதினது. ஆறுதலா இருக்கும்னு நெனச்சேன்."

"நான் பாத்துட்டுச் சும்மா இருந்தேன்," என்றான் டங்கன். "அவ்வளவுதான்."

பேச்சு முடிந்தது. அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது, பாட்டு. சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ப்ரோன்வின் வாயைத் திறந்து மூடினாள். இருந்த ஒரே பாட்டை நைஜலுக்குப் பாடித் தீர்த்தாயிற்று. அவன் புல்வெளியில் தனியாக நின்றான். பேச்சு காற்றில் தொங்கியது. உட்காரவும் முடியாது, இன்னொரு வார்த்தை சொல்லவும் முடியாது. எரூ உதடுகளைக் கடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் விருந்தாளியின் பேச்சுக்குப் பாடுவது வழக்கமில்லை.

வீட்டு முகப்பில் நாற்காலி ஒன்று பின்னால் நகரும் சத்தம்.

ஹூஹானா எழுந்தாள். கம்மிய குரலில், காலையிலிருந்து தண்ணீர்கூடக் காணாத தொண்டையில், ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தாள். மிஷனரிகள் கொண்டுவந்த மெட்டு, அவர்கள் மொழியில் அவர்கள் பாட்டன்மார் எழுதிக்கொண்ட சொற்கள். முதல் அடியைத் தனியாகப் பாடினாள். பாடியபடியே முகப்பிலிருந்து இறங்கினாள், புல்வெளியைக் கடந்து வந்தாள், வீட்டுக்காரர் பக்கத்தை விட்டு விருந்தாளிப் பக்கம் வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது அடியில் பெண்கள் சேர்ந்தார்கள். மூன்றாவதில் ஆண்களின் கனத்த குரல் கீழேயிருந்து புகுந்தது. பிறகு வேலியோரம், பிறகு மரத்தடி, பிறகு சாலை வரை. ஆயிரம் பேர், நாலு குரலாகப் பிரிந்து, யாரும் சொல்லிக்கொடுக்காமல். நைஜல் வார்த்தை தெரியாமல் வாயை மட்டும் அசைத்து அழுதுகொண்டிருந்தார். ப்ரோன்வின் குதிகாலில் எழும்பி எழும்பி நின்றாள், ஓட்டப் பந்தயம் பார்க்கிற மாதிரி. டங்கனின் விலா எலும்புகள் அந்தச் சத்தத்தில் அதிர்ந்தன. உள்ளே ஏதோ நகர்ந்தது. வலித்தது. வலிப்பது நல்லதாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் வரிசையாக வந்து மூக்கும் நெற்றியும் சேர்த்து மூச்சைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தார்கள். ஒரே தள்ளுமுள்ளு, சிரிப்பு, அழுகை. "பாஸ்டர், மெதுவா, மூக்க ஒடச்சுடாதீங்க," என்று எரூவின் குரல் கேட்டது. ஹூஹானா வரிசைக்குப் போகவில்லை. அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெற்றியோடு சேர்த்தாள். விடவில்லை. அவள் மூச்சு சூடாக இருந்தது.

"அப்ப என்னதான் சொன்னா?" என்று கேட்டாள். அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஏழு மாதம் அவன் அதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் தன் மேல் தப்பில்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும், பழி போனவள் மேல் விழும் என்பதுதான்.

"இத நான் என் மேல உள்ள தப்பு போகணும்னு சொல்லல அத்தை."

"எனக்கு அதெல்லாம் வேணாம். அவ என்ன சொன்னா? அவ வாயால."

அவன் சொன்னான். அவசரப் பிரிவில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். மணி பதினொன்று இருக்கும். அவன் கைபேசியை எடுத்து மாமியாரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தான். மெரியானா கண்ணைத் திறக்காமலே அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"அம்மாவுக்கு இப்ப போன் பண்ணாத டங்கன். பாதி ஊரக் கூட்டிட்டு வந்து நிப்பா, நான் தலகூட வாரல. காலையில நானே பேசிக்கறேன்."